சுருளக்காவின் அரை மதிப்பெண்

சுருள்படி செய்கிறவர்களுக்கு உலகத்தில் இரண்டே கவலை. ஏறுகிற ஆளுக்குத் தலை இடிக்கக் கூடாது. இறங்குகிற ஆளுக்குக் கால் இடறக் கூடாது. இந்த இரண்டையும் இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவள் என்பதால், அந்தத் தெருவில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. சுருளக்கா என்றால்தான் தெரியும். அவளைவிடப் பத்து வயது மூத்த டயர் கடைக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். தீப்பொறி பறக்க நிற்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஆள் நெட்டை. தன் பட்டறை வாசலிலேயே குனிந்துதான் நுழைவாள். அவள் கணவரோ ஸ்டூல் இல்லாமல் மின்விசிறி ஸ்விட்சைத் தொட மாட்டார். அவர் பெயிண்டர். அவள் வளைத்து ஒட்டியதற்கெல்லாம் அவர்தான் வண்ணம் அடிப்பார். மனசு நன்றாக இருந்தால் அவரை "ஏங்க" என்பாள். கோபம் வந்தால் "பெயிண்டரே" என்பாள். காலையிலிருந்து எத்தனை பெயிண்டரே விழுந்தது என்று எண்ணித்தான், டயர் கடைக்காரர் அன்றைக்குப் பட்டறைப் பக்கம் வரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, அவள் இடக்கைக்காரி. சுத்தியல், ஸ்பேனர், பேனா, டீ டம்ளர் எல்லாம் இடது கையில்தான். இரண்டாவது, அவள் பட்டறையிலிருந்து வெளியே போன எந்த வேலையும் "சரியில்லை" என்று திரும்பி வந்ததில்லை. இதை அவள் ஒரு நாளைக்கு ஒரு முறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவாள். கேட்க ஆள் இல்லாவிட்டால் பெயிண்டரிடம் சொல்வாள்.

வெற்றிக் கதை மட்டும் சொல்கிறவள் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் அறிவியலில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கிய கதையையும் சொல்லிச் சிரிப்பாள். விடைத்தாளைக் கொடுத்த டீச்சர், "இந்தப் பதினொண்ணும் எப்படி வந்ததுன்னுதான் தெரியல" என்றாராம். வகுப்பே சிரித்ததாம். அதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள்தான். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அந்த வழியாகப் போனால் சந்தைக்கு ஐந்து நிமிஷம். அவள் இந்த இருபத்தைந்து முப்பது வருஷமாகச் சுற்று வழியில் பதினைந்து நிமிஷம் நடந்துதான் சந்தைக்குப் போகிறாள். ஏன் என்று பெயிண்டர் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார். அன்றைக்குப் பெயிண்டரே கணக்கு எகிறிவிட்டது.

அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்துதான் ஒரு நாள் உயிரியல் டீச்சர் வந்தாள். சின்ன வயசு, வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கையில் சுருட்டிய ஒரு பெரிய சுவர்ப்படம். பட்டறைத் தரையில் அதை விரித்து, நான்கு மூலையிலும் நான்கு இரும்புத் துண்டு வைத்தாள்.

"இதை மாதிரி ஒண்ணு வேணும்க்கா. பன்னிரண்டு அடி உயரம். ஸ்கூல் வாசல்ல நிக்கணும்."

சுருளக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் சட்டம், நடுவுல படி, முறுக்கிட்டு மேல போகுது. நடுத்தூண் எங்க? எத்தனை பேர் ஏறுவாங்க?"

"யாரும் ஏறக் கூடாதுக்கா."

"ஏறாத படி எதுக்கு?"

"இது படியே இல்ல. டி.என்.ஏ. நம்ம உடம்புல கோடிக்கணக்குல செல் இருக்கு. அனேகமா ஒவ்வொண்ணுக்குள்ளயும் இது இருக்கு. முடி சுருட்டையா நேரா, கண்ணு என்ன நிறம், உடம்பை எப்படிக் கட்டணும், எப்படி ஓட்டணும், எல்லாக் குறிப்பும் இதுலதான் எழுதியிருக்கு."

"பன்னிரண்டு அடியை உள்ள வச்சுக்கிட்டா நான் சுத்துறேன்?"

டீச்சர் சிரித்துவிட்டாள். "நிஜம் கண்ணுக்கே தெரியாது. அவ்வளவு மெல்லிசு. ஆனா ஒரே ஒரு செல்லுக்குள்ள இருக்கிறதை எல்லாம் வரிசையா நீட்டிப் பிடிச்சா, உங்க உயரத்தைத் தாண்டிடும்."

தன் உயரத்தைத் தாண்டும் ஒன்று தன் உடம்பிலேயே இருக்கிறது என்பதில் சுருளக்காவுக்கு உடனே ஒரு மரியாதை வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

டீச்சர் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரண்டு பக்கச் சட்டமும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்தது. "சர்க்கரையா? வாசல்ல வச்சா எறும்பு வந்துடாதா?" என்று பெயிண்டர் உண்மையாகவே கவலைப்பட்டார். டீயில் போடுகிற சர்க்கரை இல்லை, அதற்குப் பங்காளி முறை என்று டீச்சர் சமாதானம் சொன்னாள். நடுவில் வரும் படிகளுக்கு நாலே நாலு பொருள்தான். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். ஒரு படி என்பது ஒரே துண்டு இல்லை. இந்தச் சட்டத்திலிருந்து ஒரு பாதி, அந்தச் சட்டத்திலிருந்து ஒரு பாதி, நடுவில் சந்திக்கும். அடினைன் தைமினோடு மட்டும்தான் சேரும். குவானைன் சைட்டோசினோடு மட்டும்தான்.

பெயர்களைக் கேட்டதும் சுருளக்காவுக்குப் பழைய பதினொன்று ஞாபகம் வந்து, நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. பெயிண்டர்தான் காப்பாற்றினார். அடினைன் சிவப்பு, தைமின் பச்சை, குவானைன் நீலம், சைட்டோசின் மஞ்சள் என்று அந்த இடத்திலேயே பிரித்துவிட்டார். "சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு மஞ்சள். அவ்வளவுதானே?" என்றாள் சுருளக்கா. அவ்வளவுதான் என்றாள் டீச்சர்.

"நடுவுல வெல்டு வச்சு ஒட்டிடவா?"

"ஐயோ, நடுவுல வெல்டு கூடாதுக்கா. செல் ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி இது நடுவுல ஜிப்பு மாதிரி திறக்கணும். திறந்தாத்தான் இன்னொண்ணு பிரதி எடுக்க முடியும். அதனால பக்கச் சட்டம் கெட்டியா இருக்கும், நடுப் பிணைப்பு லேசா இருக்கும். அடினைன் தைமினுக்கு நடுவுல ரெண்டு பிணைப்பு. குவானைன் சைட்டோசினுக்கு மூணு."

"பக்கம் வெல்டு, நடுவுல போல்ட். சிவப்பு பச்சைக்கு ரெண்டு போல்ட், நீலம் மஞ்சளுக்கு மூணு" என்று தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டாள். டீச்சர் அதைக் கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கிளம்பும்போது சுருளக்கா கொஞ்சம் தயங்கினாள். தயங்கிப் பழக்கமில்லாதவள், அதனால் அது எல்லாருக்கும் தெரிந்தது. "டீச்சர், அடியில ஒரு சின்னத் தகடு வைக்கலாமா? செஞ்சவங்க பேருன்னு." இருபத்திரண்டு வருஷத்தில் எந்த வேலையிலும் அவள் பெயர் போட்டதில்லை, போட ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் பதினொன்று வாங்கி வெளியே வந்த வாசலில் தன் முழுப்பெயர் நிற்க வேண்டும் என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில் தோன்றிவிட்டது. தாராளமாக வைக்கலாம் என்றாள் டீச்சர். பெயிண்டர் அந்தத் தகட்டை மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தார். இரண்டாவது தடவையே நன்றாகத்தான் இருந்தது.

வேலைக்குப் பதினெட்டு நாள் ஆனது. அதில் வேலை நான்கு நாள், சண்டை பதினான்கு நாள்.

முதல் சண்டை பெயிண்டரின் அழகுணர்ச்சியால் வந்தது. சிவப்புக்குப் பக்கத்தில் நீலம் எடுப்பாக இருக்கிறதே என்று, ஒட்டும்போது அவரே ஒரு சிவப்பையும் ஒரு நீலத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். அடினைனும் குவானைனும் பெரிய ரகம், தைமினும் சைட்டோசினும் சின்ன ரகம் என்பதால், டீச்சர் சிவப்பையும் நீலத்தையும் நீளமாகவும், பச்சையையும் மஞ்சளையும் குட்டையாகவும் வெட்டச் சொல்லியிருந்தாள். நீளத்தோடு நீளம் சேர்ந்ததும் அந்த இடத்தில் சட்டம் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது.

"பெயிண்டரே! நெட்டைக்கு நெட்டை வச்சா புடைக்கும், குட்டைக்குக் குட்டை வச்சா ஒட்டிப்போயிடும். நெட்டைக்குக் குட்டைதான். அப்பத்தான் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அகலமா நிக்கும்."

"நம்மளை மாதிரி" என்றார் பெயிண்டர். அந்த வாக்கியம் அன்றைய சண்டையை முடித்து வைத்தது.

இரண்டாவது சண்டை அம்புக்குறியால். ஒரு சட்டத்தில் அம்பு மேலே பார்க்கட்டும், எதிர்ச் சட்டத்தில் கீழே பார்க்கட்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். இரண்டு இழையும் பக்கத்துப் பக்கத்தில் போனாலும் எதிர் எதிர்த் திசையில் ஓடுமாம். இதற்கும் பெயிண்டர் நம்மளை மாதிரி என்றார். இந்தத் தடவை எடுபடவில்லை.

படிகளை எந்த வரிசையில் வைப்பது என்பதற்கு டீச்சர் ஒரு தாள் கொடுத்திருந்தாள். இடப்பக்கம் இருபது நிறம், வலப்பக்கம் இருபது நிறம். பத்துப் படிக்கு ஒரு முழுச் சுற்று, மொத்தம் இரண்டு சுற்று. சுவர்ப்படத்தை மட்டும் அன்றைக்கே சுருட்டி எடுத்துப் போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் இருந்ததே அது ஒன்றுதான். அதனால் குழாயை வளைக்கப் போகிற அன்று சுருளக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரு வகுப்பே கத்திக்கொண்டிருந்தது.

"டீச்சர், எந்தப் பக்கமா சுத்தி மேல போகணும்?"

"கட்டை விரலை மேல நீட்டிட்டு மத்த விரலை மடக்குங்கக்கா! விரல் மடங்குற திசையில சுத்திக்கிட்டே மேல போகணும்! டேய், உட்காருடா! உங்களைச் சொல்லலக்கா!"

போன் வலது கையில் இருந்தது. சுருளக்கா சும்மா இருந்த இடது கையை நீட்டி, கட்டை விரலை மேலே காட்டி, விரல்களை மடக்கிப் பார்த்தாள். ஏறினால் வலப்பக்கம் திரும்புகிறது. அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. அவள் செய்கிற எல்லாச் சுருள்படியும் அப்படித்தான் திரும்பும். ஏறும்போது வலப்பக்கமாகத் திரும்பினால்தான் இறங்கும்போது வெளிக் கைப்பிடி வலது கைக்கு வாகாக வரும். ஜனங்கள் விழுவது இறங்கும்போதுதான், பிடித்துக்கொள்வது வலது கையால்தான். இயற்கையும் தன்னைப் போல யோசித்துத்தான் இதைச் செய்திருக்கிறது என்று பெயிண்டரிடம் அரை மணி நேரம் பேசினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுருளைச் சின்ன லாரியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்குத் திறப்பு. வாசல் கூடத்தில் தரையில் நான்கு போல்ட் பதித்துத் தயாராக இருந்தது. தூக்கி நிறுத்தியதும் தலைமையாசிரியை கை தட்டினார், வகுப்புகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பெயிண்டர் தகட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சுருளக்கா ஒன்றும் நடக்காதவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள். ஆனால் அவள் உள்ளுக்குள் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணாகக் குதித்துக்கொண்டிருந்தாள்.

நட்டு முடுக்கக் குப்புறப் படுத்தாள். மூன்று முடிந்தது. நான்காவது போல்ட் கண்ணுக்கு நேரே இருந்தது. அதன் மரை இடது கீழிலிருந்து வலது மேலாக ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் பின்னால் அவள் வளைத்த குழாய், வலது கீழிலிருந்து இடது மேலாக ஏறிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால், கூடத்துச் சுவரில், டீச்சரின் அந்தச் சுவர்ப்படம். அதில் இருந்த டி.என்.ஏ.வும் இடது கீழிலிருந்து வலது மேலாக ஏறி, போல்ட்டின் பக்கம் சேர்ந்துகொண்டிருந்தது.

சுருளக்கா எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே போல்ட்டைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வந்து படுங்க" என்றாள்.

பெயிண்டரும் பக்கத்தில் படுத்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அவ்வளவுதானே? தலைகீழா நிறுத்திட்டாப் போச்சு."

சுருளக்கா பையிலிருந்து முழுக்க மரை போட்ட ஒரு கம்பித் துண்டை எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். "மரை எந்தப் பக்கம் ஏறுது?"

"இடது கீழருந்து வலது மேல."

தலைகீழாகத் திருப்பினாள். "இப்போ?"

"இடது கீழருந்து வலது... இரு, இன்னொரு தடவை திருப்பு." அவர் ஐந்து தடவை திருப்பச் சொன்னார். ஐந்து தடவையும் மரை ஒரே பக்கம்தான் ஏறியது. "இதே நட்டு இந்த முனையிலயும் ஏறும், அந்த முனையிலயும் ஏறும். சுருளைத் தலைகீழா வச்சாலும் சுருளு மாறாது. இது தெரியாமலா இத்தனை வருஷம் இந்தத் தொழில்ல இருக்கோம்?" என்றாள்.

பெயிண்டர் யோசித்தார். "கண்ணாடியில பார்த்தா சரியாத் தெரியும்."

"அப்ப ஸ்கூல் வாசல்ல ஒரு பெரிய கண்ணாடி மாட்டிடலாமா, பெயிண்டரே?"

அந்த நேரம் பார்த்து டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக டீ டம்ளரோடு வந்தாள். தரையில் தம்பதி இருவரும் பக்கத்துப் பக்கத்தில் குப்புறக் கிடப்பதைப் பார்த்துத் திகைத்தாள்.

சுருளக்கா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "டீச்சர், அன்னிக்குப் போன்ல கட்டை விரல்னு சொன்னீங்களே. எங்க, காட்டுங்க."

டீச்சர் டம்ளரை இடது கைக்கு மாற்றி, வலது கையை நீட்டிக் கட்டை விரலைக் காட்டினாள். சுருளக்கா தன் இடது கையை நீட்டிக் கட்டை விரலைக் காட்டினாள். இரண்டு கையும் எதிரும் புதிருமாக மடங்கி நின்றன. டீச்சரின் பார்வை கையிலிருந்து சுருளுக்குப் போய், சுருளிலிருந்து சுவருக்குப் போயிற்று. டம்ளர் சாய்ந்து டீ தரையில் கொட்டியது.

"எந்தக் கைன்னு நான் சொல்லவே இல்லையேக்கா."

"நானும் கேக்கல. உங்களுக்கு எல்லாம் கைன்னா அந்தக் கைதானே. எனக்குக் கைன்னா இந்தக் கை."

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள். "இப்படியே விட்டுடலாம்க்கா. யாருக்கும் தெரியாது. எத்தனையோ படத்துல இதைத் தப்பாத்தான் போட்டிருக்காங்க."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சுருளக்காவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மூன்று நட்டு முடுக்கியாயிற்று, தலைமையாசிரியை கை தட்டியாயிற்று. இப்போது வாயைத் திறந்தால், இருபத்திரண்டு வருஷத்தில் திரும்பி வந்த முதல் வேலை இதுவாகத்தான் இருக்கும். அதுவும் இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து. பதினொன்று வாங்கினவள் வேறு எப்படிச் செய்வாள் என்று பேச்சு வரும். அவளுக்குப் பயமாக இருந்தது. கீழே குனிந்து தகட்டைப் பார்த்தாள். பெயிண்டர் எழுதிய அவளுடைய முழுப்பெயர் பளபளத்தது.

"அந்தப் படத்துல எல்லாம் வரைஞ்சவங்க பேரு இருக்கா டீச்சர்? இதுல என் பேரு இருக்கு" என்றாள். ஸ்பேனரை எடுத்தாள்.

நடுப் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். ஜிப்பு திறப்பது போல மேலிருந்து கீழாகப் பிரிந்தது. டீச்சர் அவ்வளவு கலக்கத்திலும் "பாருங்க, இப்படித்தான் திறக்கும்" என்றாள். பாதியை முறுக்கி முறுக்கி உருவி லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். லாரி திரும்பி வருவதற்குள் காவலாளி பூட்டிவிட்டார். சனி, ஞாயிறு அவருக்கு மகள் வீடு. சாவியும் அவரோடு போய்விட்டது. மறுபாதி கூடத்துக்குள்ளேயே நின்றது.

சனிக்கிழமை காலையில் பெயிண்டர் இன்னொரு நல்ல செய்தி சொன்னார். நிற வரிசை எழுதிய தாளை, வேலைதான் முடிந்ததே என்று, தூரிகை துடைக்கப் பயன்படுத்திவிட்டாராம். டீச்சரிடம் வேறு பிரதி இல்லை. "இந்தப் பாதி இங்க இருக்கு. அந்தப் பாதி வரிசைக்கு என்ன செய்யறது? அது ஸ்கூல்ல பூட்டிக் கிடக்கே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சுருளக்கா அந்த ஒற்றைப் பாதியின் முன்னால் நின்றாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு. "ஏங்க, மேல முதல் கம்பி என்ன நிறம்?"

"சிவப்பு."

"அப்ப எதிர்ல?"

"பச்... பச்சை!"

"அடுத்து?"

"மஞ்சள். எதிர்ல நீலம்." பெயிண்டர் எழுந்து நின்றுவிட்டார். "நீலம், எதிர்ல மஞ்சள். பச்சை, எதிர்ல சிவப்பு!" இருபதையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போனார். சுருளக்கா சாக்பீஸால் தரையில் எழுதிக்கொண்டே போனாள். கால் மணி நேரத்தில் இல்லாத பாதி முழுவதும் தரையில் இருந்தது.

அவள் உடனே டீச்சருக்குப் போன் போட்டாள். "டீச்சர், ஒரு பாதி இருந்தாப் போதும், இன்னொரு பாதி தானா வந்துடுது!" என்று ஏதோ தானே கண்டுபிடித்தது போலக் கத்தினாள்.

"அதுதான்க்கா அதோட வேலையே! செல்லுக்குள்ள ரெண்டும் பிரிஞ்சதும், ஒவ்வொரு பாதியும் தனக்கு எதிர்ப்பாதியைச் சேர்த்துக்கும். ஒண்ணு ரெண்டாயிடும். அப்படித்தான் நீங்களும் நானும் வளர்ந்தோம்."

சுருளக்கா போனை வைத்துவிட்டு அந்தப் பாதியின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பில் இதை யாராவது இரும்பில் செய்து காட்டியிருந்தால் பதினொன்றா வாங்கியிருப்பேன் என்று அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே புதுக் குழாயைத் தூக்கி, வளைக்கிற உருளைக்குள் விட்டாள்.

ஏறும்போது இடப்பக்கமாகத் திரும்பும் சுருளை அவள் வாழ்க்கையில் வளைத்ததில்லை. தோள் பழைய பக்கமே போகும். அவள் அதட்டி இந்தப் பக்கம் திருப்புவாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வேலையை நிறுத்திவிட்டு வலது கையை நீட்டிக் கட்டை விரலைப் பார்த்துக்கொள்வாள். டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்காவுக்கு மரை கழண்டுடுச்சா?" என்று பெயிண்டரிடம் கேட்டார். "இல்ல, இப்பத்தான் சரியான பக்கம் முடுக்கறா" என்றார் பெயிண்டர். இரண்டு நாளும் அவர் ஒரு பெயிண்டரேகூட வாங்கவில்லை. அவருக்கே அது பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் காவலாளி கதவைத் திறந்தார். ஒன்பதரைக்குப் புதிய சுருள் நின்றது, அடியில் தகட்டோடு. போல்ட்டின் மரையும் குழாயும் சுவர்ப்படமும் ஒரே பக்கம் ஏறின. திறப்பு விழாவில் தலைமையாசிரியை ஒரு தைமினை அன்போடு தடவிக் கொடுத்தார். பச்சை காயாததால் நாள் முழுக்க அவர் விரல் பச்சையாக இருந்தது. திரும்பி வந்த பழைய சுருள் வீணாகவில்லை. அதன் இரண்டு பாதியையும் மறுபடி பூட்டிப் பட்டறை வாசலில் நிறுத்தினாள். அது என்ன என்று கேட்கிறவர்களிடம், "என் பட்டறைக்குத் திரும்பி வந்த ஒரே வேலை" என்று தானே சொல்வாள்.

இரண்டு மாதம் கழித்து டீச்சர் பட்டறைக்கு வந்து, பரீட்சை வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். பதினேழாவது கேள்வியை வட்டமிட்டிருந்தாள். "நம் பள்ளி வாசலில் உள்ள டி.என்.ஏ. மாதிரி முதலில் தவறான திசையில் சுற்றப்பட்டது. அதைத் தலைகீழாக நிறுத்தினாலும் ஏன் சரியாகாது? சரியான திசையை எப்படிக் கண்டறிவாய்? ஐந்து மதிப்பெண்."

சுருளக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் வெல்டிங் கம்பி வந்த அட்டையைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினாள்:

"டி.என்.ஏ. ஒரு மரை மாதிரி. மரையைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஏறும் பக்கம் மாறாது. சந்தேகம் இருந்தால் நட்டு மாட்டிப் பார்க்கவும். ஆகையால் கழற்றிவிட்டு வேறு செய்ய வேண்டும், வேறு வழி இல்லை. செய்யும்போது இழைகள் இரண்டும் எதிர் எதிர்த் திசையில் போக வேண்டும். நெட்டைக்குக் குட்டை வைக்க வேண்டும். சிவப்புக்குப் பச்சை இரண்டு போல்ட், நீலத்துக்கு மஞ்சள் மூன்று போல்ட். திசை கண்டுபிடிக்க, கையை நீட்டி, கட்டை விரலை மேலே வைத்து, மற்ற விரல்களை மடக்க வேண்டும். விரல் மடங்கும் திசையில் சுற்றிக்கொண்டு மேலே போக வேண்டும்."

பெயிண்டரிடம் கொடுத்தனுப்பினாள். மூன்று நாள் பதில் இல்லை. அந்த மூன்று நாளும் டயர் கடைக்காரர் பட்டறைப் பக்கமே வரவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் அட்டை திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் நாலரை என்று போட்டிருந்தது.

"பதினொண்ணும் நாலரையும் எவ்வளவுங்க?" என்றாள்.

"பதினஞ்சரை" என்றார் பெயிண்டர், ஸ்டூல் மேலிருந்து.

"அந்த அரை எங்க போச்சு?" சுருளக்கா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசிக்கு முந்தின வரியில் "கையை" என்ற சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் டீச்சரின் சின்ன எழுத்து: "எந்தக் கை?"

அவள் சிரித்த சிரிப்பில் பெயிண்டர் தூரிகையை நழுவவிட்டார். டயர் கடைக்காரர் ஓடி வந்தார். சுருளக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாக்பீஸை இடது கையில் எடுத்து, அந்த வட்டத்துக்கு மேலே "வலது" என்று எழுதினாள். அப்புறம் அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தன் அரை மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள், நேர் தெரு வழியாகவே.